மூச்சு உள்ளே போகவில்லையா, வெளியே வரவில்லையா?



ஆடிக் கிருத்திகை நெருங்குகிறது. சென்னை, பெங்களூரு, அதற்கும் அப்பால் என்று ஊர் ஊராக இருக்கும் நீங்களெல்லாம் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு திருத்தணி வருவீர்கள். மேலே வரை கார் போகும். ஆனாலும் வேண்டுதல் என்று 365 படியையும் ஏறுகிறவர்கள் உண்டு. அப்படி ஏறும்போது உங்கள் அம்மா நாற்பதாவது படியிலேயே நின்று மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினால், "வயசாச்சும்மா, கார்லயே போயிருக்கலாம்" என்று சொல்லி அந்த விஷயத்தை அதோடு முடித்துவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்கள் நீங்கள். பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை, இயற்பியல் வாத்தியார். ஆனால் நுரையீரல் விஷயம் பாதிக்குப் பாதி இயற்பியல். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: சர்க்கரையையும் பி.பி.யையும் அளந்து பார்ப்பதுபோல, மூச்சு வாங்குகிற ஒவ்வொருவருக்கும் நுரையீரலை அளந்து பார்க்க வேண்டும். முதலில், எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக ஊதுகிறார் என்ற அளவு. அதிலே விடை கிடைக்காவிட்டால், ஊதி முடித்த பிறகும் உள்ளே எவ்வளவு காற்று தங்கிக் கிடக்கிறது என்ற அளவு. இந்த இரண்டாவது அளவை நம் ஊர்ப்பக்கம் யாரும் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

நம்முடையது எல்லை ஊர். தமிழ் பேசுகிறவர்கள் "இளைப்பு வாங்குது", "இரைக்குது" என்பார்கள். தெலுங்கு பேசுகிற வீடுகளில் "ஆயாசம்" என்பார்கள். அந்தச் சொல்லைத் தமிழில் நாம் களைப்பு என்று எடுத்துக்கொள்கிறோம், அவர்களுக்கு அது மூச்சு வாங்குவது. எந்த மொழியில் சொன்னாலும் எல்லோரும் சேர்த்துச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "மூச்சு உள்ளே போகவே மாட்டேங்குது."

சி.ஓ.பி.டி. என்று டாக்டர்கள் எழுதுகிற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. காற்று வெளியேறத்தான் சிரமப்படுகிறது. மூச்சை இழுக்கும்போது மார்பு விரிவதால் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன குழாய்களும் கொஞ்சம் விரிந்து வழிவிடும். விடும்போது அவை குறுகும். ஆரோக்கியமான நுரையீரலில் இது ஒரு பொருட்டே இல்லை. வருஷக்கணக்கில் பீடிப் புகையோ அடுப்புப் புகையோ தூசியோ பட்டுக் குழாய்ச் சுவர் தடித்து, அதைச் சுற்றி இழுத்துப் பிடித்திருக்கும் நுரையீரல் திசுவும் தளர்ந்துபோனால், காற்று முழுக்க வெளியே வருவதற்குள் குழாய் அமுங்கிவிடும். பழைய காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஏற்கெனவே நிறைந்திருக்கும் மூட்டையில் இன்னும் நெல்லைக் கொட்டப் பார்த்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் அந்த நோயாளி "உள்ளே போகலை" என்கிறார். உள்ளே இடம் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது படிக்கட்டுக்கு வாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து முறை மூச்சு விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூச்சுக்கு நான்கு நொடி. ஏறும்போது அது முப்பது ஆனால் ஒரு மூச்சுக்கு இரண்டே நொடி. மெதுவாக வடிகிற நுரையீரலுக்கு அந்த நேரம் போதாது. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் காற்று பாக்கி நிற்கும். பத்துப் படி ஏறுவதற்குள் பாக்கி சேர்ந்துவிடும். உதரவிதானம் கீழே தள்ளப்பட்டுத் தட்டையாகி, இழுக்கும் பலத்தை இழந்துவிடும். அவர் நின்றுவிடுவார். இரண்டு நிமிடம் நின்றால் பாக்கி வடிந்து, மறுபடி நடப்பார். கூட வருகிற பிள்ளைகளுக்கு இது சோம்பலாகத் தெரியும்.

சரி, இதை எப்படி அளப்பது?

ஊதி அளக்கும் கருவி பழையது. 1846-ல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் ஸ்பைரோமீட்டரை வைத்து 2,000-க்கும் மேற்பட்டவர்களை ஊதச் சொல்லி அளந்து எழுதினார். முழுக்க இழுத்து முழுக்க ஊதும் அளவுக்கு அவர் வைத்த பெயரைத்தான் நம் பாடநூலில் உயிர்ப்புத்திறன் என்று படித்தோம். அது ஆளின் உயரத்தைப் பொறுத்து மாறும் என்று காட்டியவரும் அவரே. இன்றைய கருவி ஒரு கையடக்கப் பெட்டி. முதல் நொடியில் எவ்வளவு ஊதினார், மொத்தம் எவ்வளவு ஊதினார் என்ற இரண்டு எண்களைப் பிரதானமாகத் தரும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் முதலாவது எண் இரண்டாவதில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். பத்துப் பதினைந்து நிமிட வேலை. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை.

ஆனால் ஸ்பைரோமீட்டருக்கு ஒரு எல்லை உண்டு. வெளியே வந்த காற்றைத்தான் அது அளக்கும். குடத்தைச் சாய்த்து ஊற்றிய தண்ணீரை அளந்துவிடலாம். குடத்தின் அடியில் தங்கிவிட்டதை? எவ்வளவு முக்கி ஊதினாலும் நம் எல்லோருடைய நுரையீரலிலும் கொஞ்சம் காற்று தங்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு அது ஒரு லிட்டர், ஒன்றேகால் லிட்டர் இருக்கும். எஞ்சிய கொள்ளளவு என்று பெயர். அடைப்பு நோயில் வளர்வது இதுதான். நோயின் பாரமே அங்கே இருக்கும்போது, அந்த இடம் ஸ்பைரோமீட்டரின் கண்ணுக்குத் தெரியாது.

இதை அளக்க வழி கண்டவர்களில் முன்னோடி, சுரங்க விளக்கு பாடத்தில் நீங்கள் படித்த அதே ஹம்ப்ரி டேவி. 1800-ல் வெளியிட்ட நூலில், ஹைட்ரஜனைத் தானே சுவாசித்துத் தன் நுரையீரலில் தங்கும் காற்றைக் கணக்கிட்டதை எழுதியிருக்கிறார். இன்று ஹீலியம் பயன்படுத்துகிறார்கள். அது தீப்பிடிக்காது, ரத்தத்திலும் அதிகம் கரையாது. கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான். 3 லிட்டர் பெட்டியில் 10 சதவீதம் ஹீலியம். அந்தக் காற்றை ஒருவர் சில நிமிடம் இழுத்து விடுகிறார். ஹீலியம் பெட்டிக்கும் நுரையீரலுக்கும் பரவி 6 சதவீதம் ஆகிறது. மூன்று பத்து முப்பது, முப்பதை ஆறால் வகுத்தால் ஐந்து. ஐந்தில் பெட்டி மூன்று போக, நுரையீரலில் இருந்தது 2 லிட்டர். சர்பத்தில் தண்ணீர் கலந்தால் இனிப்பு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, கலந்த தண்ணீரைக் கண்டுபிடிப்பது மாதிரி.

அடைப்பு நோயாளியிடம் இந்த அழகான முறைக்கு ஒரு சங்கடம் வந்துவிடுகிறது. ஹீலியம் போய்ச் சேர்ந்த இடத்தைத்தான் கணக்கு காட்டும். காற்று மாட்டிக்கொண்டிருக்கும் மூலைக்கு அந்தச் சில நிமிடத்தில் ஹீலியமே போய்ச் சேராது. உண்மையில் 3.5 லிட்டர் இருக்கிறவருக்கு 2 லிட்டர் என்று விடை வரும். அதாவது யாருக்கு அளவு மிகவும் தேவையோ, அவரிடமே அளவு குறைத்துக் காட்டும்.

1956-ல் அமெரிக்காவில் ஆர்தர் டுபாய்ஸும் கூட்டாளிகளும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். அது நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிய பாயில் விதிதான். வெப்பநிலை மாறாதபோது அழுத்தமும் கனஅளவும் எதிர் விகிதத்தில். டெலிபோன் பூத் மாதிரி ஒரு கண்ணாடி அறை. நோயாளி உள்ளே உட்கார்ந்து, மூக்கில் கிளிப் போட்டு, குழாயை வாயில் வைத்துக்கொள்வார். ஒரு கணம் குழாய் மூடப்படும். மூடிய குழாய்க்கு எதிராக மெல்ல இழுத்து விட முயல்வார். மார்பு கொஞ்சம் விரியும், உள்ளே அழுத்தம் கொஞ்சம் குறையும். அழுத்தம் நூறில் ஒரு பங்கு குறைய மார்பு 35 மில்லி விரிந்தது என்றால், உள்ளே இருப்பது சுமார் 3.5 லிட்டர். எந்த வாயுவும் எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. மாட்டிக்கொண்ட காற்றும் அமுங்கும், விரியும், கணக்கில் வந்துவிடும். பாடி பாக்ஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அடைப்பு மிகக் கடுமையாக இருப்பவர்கள் வேகமாக இழுத்துவிட்டால் இது கொஞ்சம் கூட்டிக் காட்டவும் செய்யும். அதனால்தான் மெதுவாகச் செய்யச் சொல்வார்கள். ஹீலியம் சொன்ன 2-க்கும் அறை சொன்ன 3.5-க்கும் நடுவே உள்ள ஒன்றரை லிட்டர் இருக்கிறதே, மாட்டிக்கொண்ட காற்றுக்கு அதுதான் சாட்சி.

"சார், இதெல்லாம் ஆராய்ச்சிக்கு. நம்ம வீட்டுக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிப்பட்டுப் பக்கம் இருக்கும் என் அண்ணி நாற்பது வருஷம் விறகடுப்பில் சமைத்தவர். வீட்டில் பீடி சிகரெட் வாசனையே கிடையாது. ஐந்தாறு வருஷமாக மூச்சு வாங்கியது. இ.சி.ஜி., எக்கோ, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் ஓர் இடத்தில் ஸ்பைரோமெட்ரி செய்தார்கள். இரண்டு எண்களும் குறைவு. இரண்டும் சேர்ந்தே குறைந்திருந்ததால் விகிதம் பெரிதாகக் கெடவில்லை. "நுரையீரல் சுருங்கிப்போச்சு" என்று எழுதிவிட்டார்கள். எட்டு மாதம் அந்த வழியில் மருந்து சாப்பிட்டார். பிறகு வேலூரில் ஒரு டாக்டர்தான் "சுருங்கிச்சா இல்லையான்னு மொத்தக் கொள்ளளவைப் பார்க்காம எப்படிச் சொல்றது?" என்று கண்ணாடி அறையில் உட்கார வைத்தார். மொத்தக் கொள்ளளவு இருக்க வேண்டியதைவிட அதிகம். தங்கும் காற்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சுருங்கியதாக எழுதிவைத்த நுரையீரல் உண்மையில் உப்பிப்போயிருந்தது. தங்கின காற்று இடத்தை அடைத்துக்கொண்டதால் ஊதும் காற்று குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டுக்கும் வைத்தியம் வேறு. மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரும் மூச்சுப் பயிற்சியும் ஆரம்பித்தார்கள். முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், இது முழுக்கத் திரும்புகிற நோய் இல்லை. ஆனால் இப்போது கடைத்தெருவுக்கு நடந்து போய்வருகிறார், இரவில் படுத்துத் தூங்குகிறார். அந்த எட்டு மாதத்தை யார் திருப்பித் தருவது?

அண்ணி மாதிரி எத்தனை பேர்? நம் மாவட்டத்திலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். போரூர் ராமச்சந்திரா ஆராய்ச்சியாளர்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகைபிடிக்காத, 30 வயது தாண்டிய 900 பெண்களைப் பரிசோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். 2.44 சதவீதம் பேருக்கு இந்த அடைப்பு நோய். அதாவது 22 பெண்கள். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சமையலறையில் இருப்பவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. ஒரு பீடிகூடத் தொடாத 22 அம்மாக்கள்! "உனக்கு ஏதும்மா இந்த நோய், நீ என்ன சிகரெட்டா பிடிக்கிறே?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். இந்தியா முழுதும் பார்த்தால், இந்த நோய் உள்ளவர்கள் 1990-ல் சுமார் 2.8 கோடி, 2016-ல் 5.5 கோடி என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரியாமல் குறைவு, அதிகம் என்று சொல்ல முடியாது. அந்த வேலையில் சென்னைக்குப் பழைய பெருமை உண்டு. மெட்ராஸ் பெண்கள் கிறித்துவக் கல்லூரியின் எலினார் மேசன் தென்னிந்தியப் பெண்களின் உயிர்ப்புத்திறனை அளந்து 1932-ல் வெளியிட்டார். அதே காலத்தில் தென்னிந்திய மருத்துவ மாணவர்கள் 103 பேரின் அளவுகளும் வெளியாயின. 1990-ல் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தின் வி.கே. விஜயனும் குழுவினரும் மெட்ராஸின் ஆரோக்கியமான இளம் வயதினருடைய நுரையீரல் அளவுகளை வெளியிட்டார்கள். வெள்ளைக்காரர்களின் அளவை நமக்கு அப்படியே பொருத்தினால், நன்றாக இருக்கிறவரும் நோயாளி மாதிரி தெரிவார் என்பது இவற்றால் தெரிந்தது. இத்தனை வருஷத்துக்கு முன்பே அளந்து வைத்த மண் இது. இங்கே இன்றைக்கும் ஒரு அம்மாவின் மூச்சை "வயசு" என்ற ஒற்றைச் சொல்லால் அளக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

கண்ணாடி அறை விலை அதிகம், அதை எல்லா ஊரிலும் வைக்க முடியாது என்பார்கள். நியாயம்தான். எல்லோருக்கும் அது தேவையும் இல்லை. ஸ்பைரோமெட்ரியிலேயே பலருக்கு விடை கிடைத்துவிடும். அதனால் நான் கேட்பது இரண்டுதான். ஒன்று, தாலுகா மருத்துவமனைதோறும் ஸ்பைரோமீட்டரும், அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்த ஒரு ஆளும் இருக்க வேண்டும். ஆள் முக்கியம். பள்ளி ஆய்வகத்தில் பீரோவுக்குள் பூட்டிவைத்த தராசு யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. இரண்டு, பெரும்பாலான மாவட்டங்களில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நம் திருவள்ளூரிலும் 2022 ஜனவரியில் திறந்தார்கள். அப்படிப்பட்ட ஒவ்வொரு கல்லூரியிலும் நுரையீரல் கொள்ளளவு அளக்கும் வசதி, ஏழை எளியவருக்கு எட்டும்படி இருக்க வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மருந்து கொண்டுவந்த அரசு இது. மூச்சுக்கும் அந்த அக்கறை வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை. உங்களில் அரசுப் பணியில் இருப்பவர்கள், மருத்துவத் துறையில் இருப்பவர்கள் இதை உங்கள் கூட்டங்களில் பேசுங்கள்.

இனி, வீட்டில் செய்ய வேண்டியவை. குறித்துக்கொள்ளுங்கள்.

1. மூன்று மாதத்துக்கு மேல் இருமலோ சளியோ, அல்லது சமதளத்தில் தன் வயதுக்காரர்களோடு நடக்க முடியாத அளவு மூச்சோ இருந்தால், "ஸ்பைரோமெட்ரி செய்யலாமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். விறகடுப்பு, தறிக்கூடத் தூசி, பீடி, பழைய காசநோய், எது இருந்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

2. கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவி 96 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அடைப்பு இருக்கும்போதே அது நல்ல எண்ணைக் காட்டலாம். எக்ஸ்ரேயும் ஆரம்பத்தில் சாதாரணமாகத் தெரியலாம்.

3. பரிசோதனைக்குப் போகும்போது இறுக்கமான உடை வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். அன்று காலை இன்ஹேலர் எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அண்மையில் மாரடைப்போ கண் அறுவை சிகிச்சையோ நடந்திருந்தாலும், இப்போது காசநோய் இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. உயரத்தைச் செருப்பில்லாமல் அளக்கச் சொல்லுங்கள். கூன் விழுந்த பெரியவர்களுக்கு இரு கையையும் விரித்து அந்த நீளத்தை எடுப்பார்கள். உயரம் தப்பானால் "இருக்க வேண்டிய அளவு" முழுவதும் தப்பாகும்.

5. ஊதும்போது வெட்கம் வேண்டாம். ஒரே மூச்சில், வெடுக்கென்று ஆரம்பித்து, ஆறு நொடியாவது விடாமல் ஊத வேண்டும். கூட நிற்பவர் "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இன்னும்" என்று சத்தம் போட்டால் கோபிக்காதீர்கள், அது அவர் வேலை.

6. "சுருங்கியிருக்கு" என்று ஸ்பைரோமெட்ரியை மட்டும் வைத்து எழுதியிருந்தாலோ, மருந்து எடுத்தும் மூச்சு அப்படியே இருந்தாலோ, "மொத்தக் கொள்ளளவு பார்க்க வேண்டுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

7. "பம்பு போட்டா பழக்கமாயிடும்" என்று பயமுறுத்துகிற சொந்தக்காரர்களை நம்பாதீர்கள். கண்ணாடி போட்டால் கண்ணுக்குப் பழக்கமாகிவிடும் என்று யாராவது கழற்றி வைக்கிறோமா?

8. மூச்சு வாங்கும்போது மூக்கால் மெதுவாக இழுத்து, விளக்குச் சுடரை அணைக்காமல் ஆட்டுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரண்டு பங்கு நேரம் விடச் சொல்லுங்கள். உதட்டில் கொடுக்கும் அந்தச் சின்னத் தடை, உள்ளே குழாய்கள் சீக்கிரம் அமுங்காமல் தாங்கிப் பிடிக்கிறது. பழைய காற்று வெளியேறினால் புதுக் காற்றுக்குத் தானாக இடம் கிடைக்கும்.

கடைசியாக, பெற்ற பிள்ளைகளுக்கு ஒன்று. நம் அம்மாக்கள் "மூச்சு வாங்குது" என்று தாமாகச் சொல்லமாட்டார்கள். மாடி ஏறுவதை நிறுத்துவார்கள். கோயிலுக்குப் போவதைக் குறைப்பார்கள். குடத்தைச் சின்னக் குடமாக மாற்றிக்கொள்வார்கள். போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். அதனால் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "போன வருஷம் செஞ்சதுல இந்த வருஷம் எதை விட்டுட்டே?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

மருத்துவம் படித்த என் மாணவர்கள் இதில் திருத்தவோ சேர்க்கவோ இருந்தால் கீழே எழுதுங்கள். வாத்தியார் என்று தயங்க வேண்டாம். மற்றவர்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், தெலுங்கு வீட்டுக்காரர்கள் தெலுங்கிலே சொல்லுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்,
திருத்தணி